ஆவி ரிக்ஷாவும் அதை இழுத்த நால்வரும்

பேய்க் கதை என்றதும் நேயர்களிற் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். இலக்கியத் தொடரொன்றிலே பேய்க்கு என்ன வேலை என்று கேட்கவுங்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நமது தொல்காப்பியரே பேய்க்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். புறத்திணையிலே காஞ்சியின் துறைகளைச் சொல்ல வந்த இடத்தில், போர்க்களத்திற் புண்பட்டு, சுற்றத்தார் எவரும் அருகில் இல்லாமற் கிடப்பவனைப் பேய் காத்து நிற்பதை ஒரு துறையாக்கினார். அப்படிப் புண்பட்டவனைப் பேய் நெருங்காதபடி மனைவி காத்து நிற்பதை இன்னொரு துறையாக்கினார். காரைக்காலம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றுத் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். செயங்கொண்டாரின் பரணியிலே பேய்கள் பசித்துக் கிடந்து, போர் முடிந்ததும் கூழ் அடுகின்றன. ஆகவே இந்த விருந்தாளி நமக்குப் புதியவரல்லர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஆங்கிலப் பேய்க் கதை மரபு. அதிலும் இமயமலைச் சாரலிலே, நமது நுவரெலியாவைப் போன்றதொரு குளிர்நகரிலே நடமாடிய ஓர் ஆவியின் கதை.

ஆங்கிலத்திலே பேய்க்கென்று ஒரு தனி வீடு கட்டிக் கொடுத்தவர் ஹொரஸ் வால்போல். பிரதம மந்திரியாயிருந்த றொபர்ட் வால்போலின் மகன். பழைய கட்டடங்களில் மோகங்கொண்டவர். தாம் குடியிருந்த மாளிகையையே மத்திய காலத்துக் கோட்டைபோல மாற்றிக் கட்டியவர். 1764 டிசம்பரில் ‘ஒட்ராந்தோக் கோட்டை’ என்ற நாவலை வெளியிட்டார். வெளியிட்டபோது தமது பெயரைப் போடவில்லை. பழைய இத்தாலிய நூலொன்று கிடைத்தது, அதன் மொழிபெயர்ப்பே இது என்று பொய் சொன்னார். நூல் நன்றாக விற்றதும், 1765இல் வந்த இரண்டாம் பதிப்பிலே உண்மையை ஒப்புக்கொண்டு, ‘ஒரு கோதிக் கதை’ என்று துணைத் தலைப்பும் கொடுத்தார். கோத்தியர் என்பார் உரோம சாம்ராச்சியத்தை உலுக்கிய ஒரு கூட்டத்தார். அவர்களுடைய பெயர் முதலில் கூர்மாடக் கட்டடக் கலைக்கு ஏளனமாகச் சூட்டப்பட்டு, பிறகு பழமையும் இருளுங் கலந்த எல்லாவற்றுக்கும் உரியதாயிற்று.

அந்த நாவலில் வருபவை பின்வந்தோருக்குச் சூத்திரமாயின. கொடுங்கோலன் ஒருவன் ஆளும் கோட்டை. அதன் அடியிலே சுரங்க வழி. அந்த வழியாகத் தப்பி ஓடும் பெண். சட்டத்தை விட்டு இறங்கி நடக்கும் முன்னோன் படம். பாட்டன் செய்த கொலைக்குப் பேரன் தலைமுறையில் வரும் தண்டனை. 1794இல் ஆன் றாட்கிளிவ் எழுதிய ‘உடோல்போ மர்மங்கள்’ இதே சரக்கைக் கொண்டு வாசகர்களை இரவிரவாக விழித்திருக்கச் செய்தது. இந்தப் பட்டியலை ஆங்கில இலக்கிய வகுப்பிலே படித்தவர்கள் அறிவார்கள். ஆனால் பட்டியலில் அதிகம் பேசப்படாத ஓர் உருப்படி உண்டு. அதுதான் வேலைக்காரர்கள். வால்போலின் கோட்டையிலே பூதாகாரமான காலொன்றை முதலில் காண்பவர்கள் இரண்டு வேலைக்காரர்கள். பயத்திலே உளறுகிறார்கள், எசமான் அதட்டுகிறான், வாசகர் சிரிக்கிறார். றாட்கிளிவின் நாவலிலும் ஆனெட் என்ற தாதி ஓயாமற் பேய்க் கதை பேசிக்கொண்டிருக்கிறாள். கோதிக் மரபிலே பேயை முதலிற் காண்பது ஏவலாள். நம்பப்படாமற் போவதும் ஏவலாள். அவர்களுடைய வாய்க்கு மட்டும் ஓய்வேயில்லை. இதை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

விக்டோரியா மகாராணி 1837இல் பட்டத்துக்கு வந்து 1901இல் மறைந்தார். அந்த அறுபத்து மூன்று ஆண்டுகளிலே பேய் கோட்டையை விட்டு வெளியேறிவிட்டது. நாட்டிலே ஆலையும் புகையிரதமும் வந்த பிறகு கோட்டையில் யார் குடியிருக்கிறார்கள்? வாடகை அறைக்கும், வைத்தியர் வீட்டுக்கும், புகையிரதப் பாதைக்கும் பேய் குடிபெயர்ந்தது. நாவலின் நீளமும் சுருங்கிச் சிறுகதையாயிற்று. நத்தார்க் காலத்திலே கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பதற்கென்றே சஞ்சிகைகள் சிறப்பிதழ் போட்டன. இந்த வழக்கத்தை ஊன்றச் செய்தவர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் என்றால் மிகையாகாது. 1843இல் அவருடைய ‘நத்தார்க் கீதம்’ வந்தது. 1866ஆம் ஆண்டு நத்தார் இதழில் ‘சமிக்ஞைக்காரன்’ என்ற கதை வந்தது.

‘சமிக்ஞைக்காரன்’ பற்றிச் சில வார்த்தை சொல்லாமற் கடந்து போக மனமில்லை. ஆழமாக மலையை வெட்டிப் போட்ட பாதை. இரு பக்கமும் நீர் கசியும் பாறை. ஒரு முனையிலே சுரங்க வாய், அதன் அருகே சிவப்பு விளக்கு. கோட்டையின் நிலவறை வெயிலுக்கு வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே தந்திக் கருவியோடும் ஒரு மணியோடும் தனியே காவலிருக்கும் மனிதன், இளமையிலே விஞ்ஞான விரிவுரைகள் கேட்டவன்; வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டு கீழே இறங்கியவன். சுரங்க வாயிலில் ஓர் உருவம் ஒரு கையால் முகத்தை மறைத்து, மறு கையை வீசி அவனை எச்சரிக்கிறது. முதல் முறை தோன்றிய சில மணி நேரத்தில் விபத்து. இரண்டாம் முறை, ஓடும் வண்டியில் ஓர் இளம்பெண்ணின் மரணம். மூன்றாம் முறையும் தோன்றிவிட்டது. ஆனால் எங்கே ஆபத்து, என்ன ஆபத்து என்று அது சொல்வதில்லை. மேலிடத்துக்குத் தந்தி அடித்தால் ‘என்ன ஆபத்து?’ என்று கேட்பார்கள். பதில் இல்லை. வேலைதான் போகும். கதை எழுதப்படுவதற்கு முந்திய வருடம், 1865 ஜூன் 9ஆம் திகதி, ஸ்டேப்பிள்ஹர்ஸ்ற் என்ற இடத்திலே புகையிரதம் பாலத்தில் தடம்புரண்டு பத்துப் பேர் இறந்தார்கள். அந்த வண்டியிலே இருந்து தப்பியவர் டிக்கன்ஸ். காயப்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துத் திரிந்தவர். சரியாக ஐந்து வருடங் கழித்து அதே ஜூன் 9ஆம் திகதி அவர் காலமானார். இதை வைத்து வேறொரு பேய்க் கதை எழுதலாம்; நமக்கு வேண்டாம்.

எச்சரிக்கை தெரிந்தும் போக்கிடம் இல்லாத மனிதர்களை நாம் கதையிலே தேடிப் போக வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த நிலம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. அதன்பின் டிக்கன்ஸின் கதையை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை.

இனி நமது கதைக்கு வருவோம். றட்யார்ட் கிப்ளிங் 1865இல் பம்பாயிலே பிறந்தவர். 1882இல் லாகூருக்கு வந்து ‘சிவில் அன்ட் மிலிட்டரி கசற்’ என்ற பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1885 நத்தாருக்கு அப்பத்திரிகை ‘குவார்ட்டெற்’ என்றொரு மலர் வெளியிட்டது. தந்தை, தாய், தங்கை, தாம் என நான்கு கிப்ளிங்குகள் சேர்ந்து எழுதிய மலர் அது. அதிலே ‘ஆவி ரிக்ஷா’ என்ற கதை வந்தது. எழுதியவருக்கு அப்போது இருபது வயது முழுதாக நிரம்பவில்லை. 1888இல் அலகாபாத்து வீலர் கம்பெனியார் புகையிரத நிலையக் கடைகளில் விற்பதற்காகப் போட்ட ஒரு ரூபாய்ப் புத்தக வரிசையிலே, இக்கதையைத் தலைப்பாகக் கொண்ட தொகுதி வெளியாயிற்று.

கதை சிம்லாவில் நடக்கிறது. 1864 முதல் இந்திய அரசாங்கத்தின் கோடைகாலத் தலைநகர் அது. சமவெளி வெயில் தாங்காத வெள்ளைக்கார உத்தியோகத்தர் ஏப்ரலில் மலையேறினால் குளிர் கடுக்கும்வரை இறங்க மாட்டார்கள். ஜாக் பான்சே என்ற உத்தியோகத்தன், இங்கிலாந்திலிருந்து வரும் கப்பலிலே அக்னெஸ் வெசிங்டன் என்ற பிறன் மனைவியோடு காதல் கொள்கிறான். சிம்லாவிலே ஒரு பருவகாலம் அந்தக் காதல் எரிகிறது. பிறகு அவனுக்குச் சலித்துவிடுகிறது. அவளுக்குச் சலிக்கவில்லை. அவன் எவ்வளவு கொடுமையாகப் பேசினாலும், எங்கோ ஒரு தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் சிநேகிதராவோம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் கிற்றி மானரிங் என்ற இளம்பெண்ணை நிச்சயம் செய்துகொண்டு அதை அவளிடமே சொல்கிறான். ஒரு கிழமையிலே அவள் இறந்துபோகிறாள். அடுத்த கோடையில், ஹமில்டன் கடையில் கிற்றிக்கு நிச்சய மோதிரம் வாங்கிக்கொண்டு, இருவரும் பெலிற்றியின் சிற்றுண்டிக் கடைப் பக்கமாகக் குதிரையில் வரும்போது, கறுப்பும் வெள்ளையுமான சீருடை அணிந்த நான்கு பேர் இழுத்துவரும் மஞ்சள் ரிக்ஷா எதிர்ப்படுகிறது. கிற்றியின் குதிரை அந்த ரிக்ஷாவை ஊடறுத்துக்கொண்டு, ஆகாயத்திலே போவதுபோலப் போய்விடுகிறது.

இங்கே கோதிக் மரபு எப்படியெல்லாம் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கோட்டை இல்லை, சுரங்கம் இல்லை. நட்டநடுப் பகல், கடைத்தெரு, குதிரையேறிய கனவான்களும் சீமாட்டிகளும். மத்திய கால இத்தாலிக்குப் பதிலாக, எழுதப்பட்ட அதே ஆண்டின் சிம்லா. பாட்டன் செய்த பாவம் பேரனைச் சுடும் என்பது பழைய சூத்திரம். இங்கே தான் செய்ததைத் தானே அனுபவிக்கிறான், அதுவும் ஒரு வருடத்துக்குள். பழைய கையெழுத்துப் பிரதி கிடைத்தது என்ற வால்போலின் பொய் மட்டும் அப்படியே இருக்கிறது: சாகுந் தறுவாயில் பான்சே எழுதி வைத்ததை நண்பர் ஒருவர் வெளியிடுகிறார். அந்த நண்பர் பேயை நம்புவதாகவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ஹீதர்லே என்ற டொக்டர் ஒருவர் வருகிறார். அவருக்கு எல்லாம் வயிறு, மூளை, கண் ஆகியவற்றின் கோளாறு. மாத்திரையும் நடையும் குளிர்ந்த நீர்க் குளிப்பும் போதும். கோதிக் கதையில் பாதிரியார் இருந்த நாற்காலியிலே விக்டோரியா காலத்தில் டொக்டர் உட்கார்ந்துவிட்டார். இடையிலே ஒரு மண்சரிவு வேறு: அந்தக் கணத்தில் நிற்காமற் போயிருந்தால் டொக்டரும் நோயாளியும் பத்தடி மண்ணுக்குள் போயிருப்பார்கள். மலைநாட்டு வாசகருக்கு ரிக்ஷாவைவிட இந்த இடந்தான் உடம்பைச் சிலிர்க்கச் செய்யும்.

ஆவியாக வரும் பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நமது பழையனூர் நீலி, கொன்ற கணவனைத் தேடிப் பேயாய் வந்து பழி முடிக்கிறாள். அவள் பேச்சை நம்பி, வணிகனுக்கு ஒன்றும் நேராது என்று வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேரும், அவன் மாண்டதும் தீப்பாய்ந்தார்கள் என்பது கதை. சம்பந்தர் தேவாரத்திலேயே அதன் குறிப்பு உண்டு. நீலிக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தீர்க்கிறாள். அக்னெஸ் வெசிங்டனுக்குக் கணக்கே இல்லை. உயிரோடிருந்தபோது சொன்ன அதே வார்த்தையை, அதே கெஞ்சலோடு, திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அடிக்கவில்லை, சபிக்கவில்லை. உண்மையை அறிந்த கிற்றிதான் சவுக்கால் அவன் முகத்தில் அடித்துவிட்டுப் போகிறாள். கடைசியிலே பான்சேக்கு ஆவியே துணை. உயிருள்ள மனிதர்களே நிழல்போலத் தோன்றுகிறார்கள். அன்பினாலேயே ஒருவனை அணு அணுவாகக் கொல்லும் பேயை கிப்ளிங்குக்கு முன் யாரும் இவ்வளவு மெதுவாக நடக்க விட்டதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் நான் இந்தக் கதையைத் தேர்ந்தது அக்னெசுக்காக அல்ல. ரிக்ஷாவை இழுத்த அந்த நால்வருக்காக.

ரிக்ஷா என்பது 1869 அளவில் ஜப்பானில் உண்டான வாகனம். அதற்கு முன் சிம்லாவிலே துரைசாணிகள் ‘ஜம்பான்’ எனப்பட்ட நாற்காலியில் உட்கார, ஆட்கள் தோளில் தூக்கிச் சென்றார்கள். தூக்குகிறவனுக்கு ஜம்பானி என்று பெயர். ரிக்ஷா வந்தபின் தூக்குவது இழுப்பதாயிற்று. பெயர் மட்டும் நின்றது. மலைப் பாதையிலே ஒருவன் இழுத்துக் காணாது. இரண்டு பேர் முன்னால் இழுக்க, இரண்டு பேர் பின்னால் தள்ள வேண்டும். ஆகவே நான்கு பேர். அவர்களுக்கு எசமானி விருப்பப்படி சீருடை.

பான்சே முதன்முதல் அவர்களைக் காணும்போது அவனுக்குப் பேய் என்ற நினைப்பே இல்லை. செத்தவளின் ஆட்களை வேறு யாரோ வேலைக்கு வைத்துக்கொண்டு அதே சீருடையை விட்டிருக்கிறார்கள் என்றுதான் எண்ணுகிறான். அந்த நினைவு அவனுக்கு எரிச்சலூட்டுகிறது. வேண்டுமானால் ஆட்களைத் தானே எடுத்துக்கொண்டு, அவர்கள் முதுகிலிருக்கும் சட்டைகளை விலைக்கு வாங்கிவிடலாம் என்று நினைக்கிறான். கவனியுங்கள்: ஒரு முகத்தையாவது அவன் அடையாளங் காணவில்லை. அவன் அறிந்தது சட்டையை. பிறகு ஒரு மாலை மங்கலில், வழியிலே போகும் இரண்டு கனவான்கள் பேசிக்கொள்வது அவன் காதில் விழுகிறது. ஒருவரின் மனைவி இறந்தவளின் நினைவாக அந்த ரிக்ஷாவையும் ஆட்களையும் வாடகைக்குக் கேட்டாளாம். விசாரித்தால், நால்வரும் அண்ணன் தம்பிமாராம்; ஹரித்துவாருக்குப் போகும் வழியில் வாந்திபேதியில் இறந்துவிட்டார்களாம்; வண்டியைச் சொந்தக்காரனே உடைத்துப் போட்டுவிட்டானாம். ஐயோ பாவம் என்ற ஒரு சொல்லோடு பேச்சு அவளுக்குத் திரும்பிவிடுகிறது.

இதைக் கேட்டு பான்சே வெறிபிடித்தவன்போலச் சிரிக்கிறான். அப்படியானால் மறு உலகத்திலும் உத்தியோகம் உண்டா? அங்கே அவள் ஆட்களுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறாள்? எத்தனை மணி நேர வேலை? வேலை முடிந்தால் எங்கே போகிறார்கள்? கிப்ளிங் இதைப் பயங்கரத்தின் விளிம்பில் நிற்கும் ஒருவனின் விகடமாகத்தான் எழுதினார். சம்பளம் என்ன, நேரம் என்ன, எங்கே குடியிருக்கிறார்கள் என்ற மூன்று கேள்வியும் ஒரு முழுக் கதையில் ஒரே ஓர் இடத்திலே, அதுவும் ஆட்கள் செத்த பிறகு, பகிடியாகக் கேட்கப்படுகின்றன. பதில் வருவதில்லை. நமது தோட்டங்களில் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்ற காலம் அது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கடனோடு ஆளை மாற்றும் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல்தான் வந்தது.

முன்பு நான் நினைவில் வைத்திருக்கச் சொன்ன வேலைக்காரர்களை இங்கே அழைக்கலாம். வால்போலின் ஏவலாட்கள் பேயைக் கண்டு உளறினார்கள். சிரிப்புக்கு இடமானாலும் பேசினார்கள். கிப்ளிங்கின் நால்வர் பேயைக் காண்பதில்லை, அவர்களே பேய்கள். ஆயினும் அவர்கள் அச்சமூட்டும் பேய்களுமல்லர். துரைசாணி ஏன் ஆவியானாள் என்பதற்குக் காரணம் உண்டு: நிறைவேறாத காதல். இவர்கள் ஏன் ஆவியானார்கள்? இழுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் இறந்ததும் அவளோடு அல்ல; வேறிடத்தில், புண்ணிய யாத்திரை போகும் வழியில். கங்கைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை மறித்து மீண்டும் சிம்லா மலைப் பாதைக்குக் கூட்டி வந்தது யார்? இதற்குக் கதையில் விடை இல்லை. இருபது வயதுப் பையனின் கவனக்குறைவு என்பார் சிலர். எனக்கென்னவோ, எழுதியவர் தம்மையறியாமலே ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அப்படியே எழுதிவிட்டார் என்றுதான் படுகிறது.

வாந்திபேதியும் கற்பனையல்ல. ஹரித்துவாரின் 1867, 1879 கும்பமேளாக்களிலிருந்து கொலரா வட இந்தியா எங்கும் பரவியது. அதே நோய் நமது முன்னோரின் பாதையிலும் காத்திருந்தது. புகையிரதம் இல்லாத காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்துதான் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். நோய் கண்டவனைக் கூட்டம் விட்டுவிட்டுப் போகும். தங்கினால் எல்லாருக்கும் நோய். 1840களில் வந்தவர்களிலே நான்கில் ஒரு பங்கு மாண்டதாக அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகையொன்று எழுதியது. அந்தக் கணக்குக் கூடுதலா குறைவா என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடியிருக்கிறார்கள். 1989இல் வெளிவந்த டொனோவன் மோல்ட்றிச்சின் கோப்பித் தொழிலாளர் பற்றிய நூலைத் தேடி வாசிக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சிம்லாவையும் நமது பகுதியையும் பக்கத்திற் பக்கத்திலே வைத்துப் பார்த்தால் சில ஒற்றுமைகள் வியப்பைத் தருகின்றன. கிப்ளிங்கின் கதை வந்த 1885ஆம் ஆண்டிலேயே கோச்சி நானுஓயாவை எட்டியது. அங்கே கல்காவிலிருந்து சிம்லாவுக்குச் சிறு பாதை 1903இல் திறக்கப்பட்டது. இங்கேயும் அதே 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஒடுங்கிய பாதை போடப்பட்டு, 1904இல் கந்தப்பளை வழியாக ராகலைவரை நீண்டது. சிம்லாப் பாதை இன்றும் ஓடுகிறது. நமது பாதை 1940களோடு முடிந்தது. இன்று கந்தப்பளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளிடம் இங்கே கோச்சி ஓடியது என்றால் அதையே பேய்க் கதையாகத்தான் கேட்கிறார்கள். மேலே ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாகிவிட்டது, 1996இல் திறந்தார்கள். மூடுபனி இறங்கும் மாலைகளில் அந்தக் கட்டடத்தைக் கண்டால் றாட்கிளிவுக்கே ஒரு நாவல் தோன்றியிருக்கும்.

பழைய பங்களாக்களைப் பற்றி நான் சிறுவயது முதல் கேட்ட கதைகளிலே வருவது பெரும்பாலும் வெள்ளை உடுப்புப் போட்ட துரைசாணி, அல்லது குதிரையிலே போகும் துரை. சொல்கிறவர்கள் லயத்துப் பாட்டிமார். ஆவியோ பங்களாவுக்கு உரியது. ஆவியாக வருவதற்குக்கூட ஓர் அந்தஸ்து வேண்டியிருக்கிறது போலும்! பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்திலே ஜூலியா மார்கரட் கமரனின் கல்லறை இருக்கிறது. விக்டோரியா காலத்தின் பெரும் புகைப்படக் கலைஞர். டெனிசனின் அயலவர், நண்பர். 1879இல் இங்கே மறைந்தவர். பெயரும் ஆண்டும் பொறித்த கல் இருப்பதால் இன்றும் அங்கே போய் நிற்கிறோம். தேயிலையின் அடியில் கல்லறையின்றிக் கிடப்பவர்களைப் பாட சி. வி. வேலுப்பிள்ளை வரவேண்டியிருந்தது, அவருடைய ‘இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலே’ என்ற ஆங்கிலக் கவிதை நூல் 1954இல் வெளிவந்தது.

ஆனாலும் நம்மவர்கள் இறந்தவர்களை முற்றாகக் கைவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுடைய வழி வேறு. அகாலத்தில் மாண்டவனுக்கு ஒரு கல்லை நட்டுப் பொங்கலும் படையலும் வைத்தால் அவன் அலைய வேண்டியதில்லை, காவல் நிற்பான். இங்கே அதுதான் முறை. மலையிலே கவ்வாத்துசாமி, கொழுந்துசாமி. தொழிற்சாலையிலே சுழலும் ரோதைக்கு ரோதைமுனி. ஆங்கிலப் பேய்க்கு வீடு உண்டு, சாப்பாடு இல்லை. நமது முனிக்கு வீடில்லை, மரத்தடி போதும். ஆனால் வருடத்துக்கு ஒரு சேவலாவது கிடைத்துவிடும்.

எழுத்திலே வந்த பேய்களை எடுத்துக்கொண்டால் புதுமைப்பித்தனை விட முடியாது. 1943இல் வந்த ‘காஞ்சனை’ தமிழிலே கோதிக் சாயல் முழுதாக ஏறிய கதை: தூக்கம் வராத எழுத்தாளன், நள்ளிரவு, இனந்தெரியாத வாடை, கணவன் மனைவிக்கு நடுவே வந்து நுழையும் ஓர் உரு. அந்த உரு வருவது யாராக? வேலைக்காரியாக. பிச்சைக்காரியாக வாசலுக்கு வந்தவளை மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கிப்ளிங்கிலே ஏவலாள் எசமானியின் பேய்க்கு வண்டி இழுத்தான்; புதுமைப்பித்தனிலே ஏவலாளே கதையின் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டாள். இதே புதுமைப்பித்தன் எட்டு வருடம் முன்னதாக, 1935இல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாக வைத்துத் ‘துன்பக்கேணி’ எழுதினார். இலங்கைக்கு வராமலே எழுதினார். அதிலே பேய் இல்லை. மருதி என்ற பெண் இருக்கிறாள். கண்டிச் சீமைக்கு ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரையும் ஸ்டோர் மனேஜரும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே இரவில் வாசித்தவர்கள் எது பயங்கரம் என்று தாமே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

‘ஆவி ரிக்ஷா’வை ஒரு முறை உயர்தர வகுப்பிலே தமிழாக்கிச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாத கதை. மழை பிடித்துக்கொண்டு வெளியே போக முடியாத ஒரு பின்நேரம். கதை முடிந்ததும் பேய் உண்டா இல்லையா என்ற வழக்கமான விவாதத்தை எதிர்பார்த்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “சேர், அந்த அண்ணன் தம்பி நாலு பேருக்கும் பேர் என்ன?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து, தெரிந்ததுதான் என்றாலும், மூலத்தை முதலிலிருந்து ஒரு முறை புரட்டிப் பார்த்தேன். மோதிரம் வாங்கிய கடைக்குப் பெயர் இருக்கிறது. சிற்றுண்டிக் கடைக்குப் பெயர் இருக்கிறது. பாலத்துக்கும் குன்றுக்கும் வீதிக்கும் பெயர் இருக்கிறது. மறுநாள் வகுப்பில் அவளிடம் அதை அப்படியே சொன்னேன்.